பாக் சேர்த்த டிம்பனி

1731ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி லைப்சிக் நகரின் நிக்கோலஸ் தேவாலயத்தில் புதிய நகர மன்றம் பொறுப்பேற்பதை ஒட்டி ஒரு வழிபாடு நடந்தது. நகரத்தின் இசைப் பொறுப்பாளர் ஜோஹன் செபாஸ்டியன் பாக் அதற்காக ஒரு காண்டாட்டா, அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு, எழுதியிருந்தார். பாக் படைப்புகளின் பட்டியலில் இன்று அதற்கு எண் 29. பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு சின்ஃபோனியா, அதாவது வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் முகப்பு, வருகிறது. அதில் ஆர்கன்தான் நாயகன். பதினாறில் ஒரு பங்குச் சுரங்கள் ஏறக்குறைய இடைவிடாமல் 138 தாள அளவுகளுக்கு ஓடுகின்றன. வயலின் கூட்டமும் இரண்டு ஓபோக்களும் ஓரமாகச் சிறு சிறு வெட்டுகளாகத் துணை போகின்றன. அவற்றுக்கு மேல் மூன்று டிரம்பெட்டுகளும் ஒரு ஜோடி டிம்பனியும் உண்டு.

அந்தக் காலத்தில் டிரம்பெட்டும் டிம்பனியும் அரண்மனைக்கும் போர்ப்படைக்கும் உரிய வாத்தியங்கள். ஒரு முரசு ஷட்ஜத்துக்கும் மற்றது பஞ்சமத்துக்கும் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு சுரங்களுக்கு மேல் அவற்றால் எதுவும் பேச முடியாது. ஆனால் அவை வாய் திறந்தால் கூடத்தில் இருக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த முகப்பு ஆர்கனுக்காகப் பிறந்த இசையே அல்ல. 1720இல் பாக் தன் கையாலேயே அழகாகப் படியெடுத்து வைத்த தனி வயலின் படைப்புகளில் மூன்றாவது பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) முதல் பகுதி இது. துணைக்கு யாரும் இல்லாமல் ஒரே ஒரு வயலின் வாசிப்பதற்காக எழுதியது. பிற்பாடு அதை எடுத்து, சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கி, வயலினின் வரியை ஆர்கனின் கையில் கொடுத்து, சுற்றிலும் ஒரு வாத்தியக் குழுவை அவரே நிறுத்தினார்.

ஆர்கன் இசையோடு நவீன வாத்தியங்களைச் சேர்க்கலாமா என்ற வாக்குவாதம் எங்கே எழுந்தாலும் எனக்கு இந்த 138 அளவுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. சேர்க்கவே கூடாது என்பவர்கள் பாக் பெயரைச் சொல்லித்தான் தடுக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பவர்களும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் அவர் முழுதாகக் கைகொடுக்க மாட்டார் என்பது தெரியும்.

கேட்பவர்கள் பிரிந்து நின்றது அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆர்ன்ஷ்டாட் ஊரில் இருபது வயது இளைஞராக ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது, 1706 பிப்ரவரியில் தேவாலய நிர்வாகம் அவரை அழைத்துக் கண்டித்தது. சபையார் பாடும் கீதங்களில் விநோதமான மாறுபாடுகளைப் புகுத்துகிறார், பொருந்தாத சுரங்களைக் கலக்கிறார், சபை குழம்பிப்போகிறது என்பது புகார். இரண்டு ஆண்டுகள் கழித்து மூல்ஹவுசனில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே ஆர்கனைச் செப்பனிட பாக் தயாரித்த திட்டத்தில், காலால் அழுத்தும் பெடல் கட்டைகளோடு இணைந்து ஒலிக்க 26 மணிகள் கொண்ட ஓர் அடுக்கும் இடம்பெற்றது. அதை விரும்பிக் கேட்டவர்கள் சபை மக்கள். மணிகளுக்குத் தங்கள் கைப்பணத்தையும் கொடுத்திருந்தார்கள். ஓர் ஊரில் புதுமை வேண்டாம் என்று முறையீடு, இன்னோர் ஊரில் புதுமைக்குக் காசு. இரண்டும் ஒரே கலைஞரின் வாழ்வில், இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்தவை.

ஆர்கன் பிறப்பிலேயே புனிதமானது என்ற எண்ணமும் வரலாற்றின் முன் நிற்காது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியோஸ் என்ற பொறியாளர் நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராகச் செலுத்தும் கருவியாக அதை உருவாக்கினார். ரோமானியர் அதை விளையாட்டரங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். லிபியாவில் ஸ்லிட்டன் என்ற இடத்தில் கிடைத்த பதிகல் ஓவியத்தில், வாள்வீரர்கள் மோதும் களத்தின் ஓரத்தில் ஆர்கனும் கொம்புகளும் எக்காளமும் சேர்ந்து முழங்கும் காட்சி இருக்கிறது. தேவாலயத்துக்குள் அது வெகு காலம் கழித்தே வந்தது. வந்த பிறகும் அதன் இடம் உறுதியாக இல்லை. சூரிச்சின் பெருந்தேவாலயத்திலிருந்த ஆர்கன் சமயச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் காலத்தில், 1527இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1644இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் தேவாலயங்களிலிருந்து ஆர்கன்களை அகற்ற ஆணையிட்டது. இன்று டிரம்ஸைப் பற்றிச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் பல அன்று ஆர்கனைப் பற்றிச் சொல்லப்பட்டவை.

ஆகவே புனிதம் என்ற வாதத்தை ஒருபுறம் வைத்துவிடுகிறேன். ஆனால் எதிர்ப்பவர்களின் காதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அவர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். காதில் உறுத்திய ஏதோ ஒன்று உண்மை. அது என்ன என்று கண்டுபிடிக்க ஆர்கனின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

ஆர்கன் கட்டைகள் உள்ள வாத்தியம் என்பதால் பியானோவின் உறவு போலத் தோன்றும். உண்மையில் அது ஊதும் வாத்தியம். துருத்தியில் சேர்ந்த காற்று ஆயிரக்கணக்கான குழல்களில் பாய்கிறது. கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை சுரம் தேயாமல், தளராமல் நிற்கும். இதன் அடுத்த பாகம் கட்டடம். பெரிய கல் தேவாலயத்தில் ஒரு சுரத்தை நிறுத்திய பிறகும் அது ஐந்து, ஆறு விநாடிகள் கூடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். ஆர்கன் கலைஞர்கள் கட்டடத்தையும் தங்கள் வாத்தியத்தின் ஒரு பகுதியாகவே எண்ணி வாசிக்கிறார்கள். ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது, அடுத்ததை எப்போது எடுப்பது என்பதை எதிரொலி அடங்கும் நேரம்தான் முடிவு செய்கிறது.

இங்கே ஒரு டிரம் செட்டை வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்பது ராக் இசையில் சாதாரண வேகம். அரை விநாடிக்கு ஓர் அடி. எதிரொலி ஆறு விநாடி நிற்கும் கூடத்தில் முதல் அடியின் ஓசை அடங்குவதற்குள் பன்னிரண்டு அடிகள் அதன் மேல் விழுந்துவிடும். தாளம் தெளிவதற்குப் பதிலாகக் கூழாகிவிடும். இதைத் தவிர்க்க ஒலிப்பொறியாளர்கள் ஒலிபெருக்கிகளைக் கேட்பவர்களுக்கு அருகே கொண்டுவருகிறார்கள். அப்போது டிரம்ஸ் காதுக்குப் பக்கத்திலும் ஆர்கன் எங்கோ தூரத்திலும் ஒலிக்கும். இரண்டும் வெவ்வேறு அறைகளில் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று கேட்பவர் முகம் சுளித்தால், அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அவர் காது கட்டடத்தைச் சரியாகக் கேட்டிருக்கிறது.

சுருதி அடுத்த சிக்கல். கித்தாரின் முறுக்காணியைத் திருப்பலாம், சிந்தசைசரில் ஓர் எண்ணை மாற்றலாம். நாலாயிரம் குழல்களை ஒரு கச்சேரிக்காக யாரும் மாற்ற மாட்டார்கள். ஹாம்பர்க் யாக்கோபி தேவாலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் கட்டி முடித்த ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது. 1720இல் அங்கே வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் பாக்கும் ஒருவர். இன்றைய வாத்தியங்களுக்கு அளவுகோலான 'ஏ' சுரம் விநாடிக்கு 440 அதிர்வுகள். அந்த ஆர்கனில் அதே கட்டை சுமார் 495 அதிர்வுகளில் ஒலிக்கிறது. ஒரு முழுச் சுரம் மேலே! இதில் குளிரும் வெயிலும் வேறு சேரும். கூடத்தின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் குழல்களின் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரும். சிந்தசைசர் அப்படியே நிற்கும்.

லைப்சிக்கில் பாக்குக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே ஆர்கன்கள் மற்ற வாத்தியங்களைவிட ஒரு முழுச் சுரம் உயரத்தில் இருந்ததால், ஆர்கன் வாசிப்பவரின் தாளை மட்டும் ஒரு சுரம் இறக்கி எழுதிக் கொடுப்பது வழக்கம். சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய இந்த எளிய கணக்கைச் செய்யாமல் விட்ட முயற்சிகளைத்தான் கேட்பவர்கள் பெரும்பாலும் நிராகரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் கணக்கெல்லாம் சரியாகச் செய்த பிறகும் கேட்பவர்கள் பிரிந்த ஓர் இடம் உண்டு. உலகில் மிகப் பலரால் அடையாளம் காணப்படும் ஆர்கன் படைப்பு அது: டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும். பேய்ப்படங்கள் வழியாக நம் ஊரிலும் அதன் முதல் மூன்று சுரங்களை அறியாதவர் குறைவு. இந்தப் படைப்புக்கு பாக் கையெழுத்தில் பிரதி கிடையாது. ஜோஹன்னஸ் ரிங்க் என்பவர் எழுதிவைத்த பழைய படி ஒன்றே ஆதாரம். 1833இல்தான் அச்சேறியது. 1840 ஆகஸ்ட் 6ஆம் தேதி, பாக்குக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப நிதி திரட்டுவதற்காக லைப்சிக் தாமஸ் தேவாலயத்தில் இசையமைப்பாளர் மெண்டல்ஸன் தனியாளாக ஆர்கன் வாசித்தபோது இதையும் வாசித்தார். 1981இல் ஆய்வாளர் பீட்டர் வில்லியம்ஸ், இது பாக் எழுதியதுதானா, ஆர்கனுக்கு எழுதியதுதானா, ஒரு வயலின் படைப்பின் மறுவடிவமாக இருக்கலாமா என்று கேள்வி எழுப்பினார். கிறிஸ்டோஃப் வோல்ஃப் போன்ற அறிஞர்கள் பாக்கின் இளமைக்கால ஆர்கன் படைப்பே என்று வாதிடுகிறார்கள். தூய ஆர்கன் இசையின் முகமாக உலகம் கொண்டாடும் ஒன்றே வேறொரு வாத்தியத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது இந்தச் சர்ச்சையில் மறக்கக் கூடாத செய்தி.

அதன் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். இரண்டு கைகளும் ஒரே வரியை எண்ம இடைவெளியில் வாசிக்கின்றன. ஒரு சின்ன நடுக்கம், ஒரு சறுக்கல், நிறுத்தம். மீண்டும் அதே அசைவு, கீழே. நிறுத்தம். இன்னும் கீழே இன்னொரு முறை. பிறகு பெடலில் ஷட்ஜம் ஊன்றி நிற்க, அதன் மேல் ஒவ்வொன்றாகச் சுரங்கள் ஏறி ஒரு முரண்பட்ட அடுக்காகி, மெல்ல அவிழ்கின்றன. இந்தப் பகுதிக்குத் தாளம் கிடையாது. ஆலாபனையில் வித்வான் ஒரு பிடியைப் பாடி நிறுத்திவிட்டு, அது அரங்கில் படிவதற்குக் காத்திருப்பாரே, அதே காத்திருப்புதான். ஆலாபனைக்கு மிருதங்கம் வாசித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால், இந்தத் தொடக்கத்தில் டிரம்ஸைக் கேட்ட ஐரோப்பியரின் திகைப்பு புரியும்.

லியோபோல்ட் ஸ்டோகாவ்ஸ்கி இந்த இடத்தை நன்கு புரிந்துகொண்டவர். லண்டனில் பிறந்து, தேவாலயங்களில் ஆர்கன் வாசித்து, பிறகு ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஆனவர். இந்தப் படைப்பை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதி 1927இல் பதிவு செய்தார். 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபன்டேசியா' படம் அந்த வடிவத்தோடுதான் தொடங்கியது. கண்டனத்துக்குக் குறைவில்லை. ஆர்கனின் தட்டையான, அசையாத கம்பீரத்தை வயலின்களின் நடுக்கத்தில் கரைத்துவிட்டார், ரொமாண்டிக் பாகு ஊற்றிவிட்டார் என்றார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர் நிறுத்தங்களைத் தொடவில்லை. மௌனம் மௌனமாகவே இருந்தது.

1980இல் இங்கிலாந்தின் 'ஸ்கை' குழு இதே படைப்பை எடுத்தது. கிளாசிக்கல் கித்தார் மேதை ஜான் வில்லியம்ஸ், பேஸ் கித்தாரில் ஹெர்பி ஃபிளவர்ஸ், டிரம்ஸில் டிரிஸ்டன் ஃபிரை. ஃபிரை கிளாசிக்கல் ஆர்கெஸ்ட்ராக்களில் டிம்பனி வாசித்து வளர்ந்தவர். இசை அறியாதவர்களின் கூட்டம் அல்ல அது. அவர்களுடைய 'டொக்காட்டா' இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடத்தைத் தொட்டது. 1981 பிப்ரவரியில் ஆம்னெஸ்டி அமைப்புக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் அந்தக் குழு வாசித்தது. லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு பாக் அந்தத் தட்டில்தான் அறிமுகமானார். அவர்களின் உற்சாகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேகமான பகுதிகளில் பேஸும் டிரம்ஸும் உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த துடிப்பை வெளியே எடுத்துக் காட்டுகின்றன. கேட்கத் துள்ளலாக இருக்கிறது. ஆனால் ஆர்கனில் காற்றும் கல்லும் சேர்ந்து நிரப்பிய இடத்தை இங்கே துடிப்பு நிரப்பிவிடுகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்துவிட்ட பிறகு காத்திருப்பு இல்லை. 1995இல் வனெஸ்ஸா மே தன் வயலினோடு டெக்னோ தாளத்தைச் சேர்த்து இதே டொக்காட்டாவை வாசித்தபோதும் எனக்கு இதே குறைதான் தென்பட்டது.

என் தரப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாக்குவாதம் பழையது, புதியது பற்றியதே அல்ல. ஒரு தரப்பு சுரங்களைக் கேட்கிறது. மறு தரப்பு சுரங்களுக்கு இடையே இருக்கும் வெளியைக் கேட்கிறது. சுரங்களைக் கேட்பவருக்கு எந்த வாத்தியம் சேர்ந்தாலும் பாக் அப்படியே இருக்கிறார். வெளியைக் கேட்பவருக்கு, அந்த வெளி அடைபட்ட கணத்தில் ஆர்கன் போய்விடுகிறது. இருவருமே உள்ளதைத்தான் சொல்கிறார்கள்.

காதின் நம்பகத்தன்மை பற்றி ஒரு வழக்கே நடந்திருக்கிறது. லாரன்ஸ் ஹாமண்ட் 1930களின் நடுவில் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழல் ஆர்கனுக்கு இது நிகர் என்று விளம்பரம் செய்தார். குழல் ஆர்கன் கட்டுபவர்கள் கொதித்தார்கள். விஷயம் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்குப் போனது. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் சிற்றாலயத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு பக்கம் சுமார் 75,000 டாலர் மதிப்புள்ள ஸ்கின்னர் நிறுவனக் குழல் ஆர்கன். மறுபக்கம் சுமார் 2,600 டாலர் விலையுள்ள ஹாமண்ட். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இசை வல்லுநர்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை ஏமாந்தார்கள். இருந்தும் 1938இல் ஆணையம், குழல் ஆர்கனுக்கு இணை என்று உரிமை கொண்டாடுவதை நிறுத்தும்படி ஹாமண்டுக்கு உத்தரவிட்டது.

இந்தச் சோதனையை இரண்டு விதமாகவும் படிக்கலாம். வல்லுநர்களே தடுமாறினார்கள், ஆகவே வேறுபாடு வெறும் மனப்பிரமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டும் ஒரே கல் மண்டபத்தில் ஒலித்தன என்பது. அந்த மண்டபம் மின்சார ஆர்கனுக்கும் தன் எதிரொலியைக் கடன் கொடுத்தது. வெளி கிடைத்ததும் காது பாதி சமாதானமாகிவிட்டது. ஹாமண்டோ பின்னர் குழல் ஆர்கனின் நகலாக இருப்பதை விட்டுவிட்டு, ஜாஸிலும் ராக்கிலும் தன் சொந்தக் குரலைக் கண்டது. அதுவே அதற்கு நல்லதாயிற்று.

1968இல் இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ் செய்தது வேறு ரகம். ராபர்ட் மூக் உருவாக்கிய சிந்தசைசர் அன்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் எழுப்பும். நான்கு குரல்கள் பின்னும் பாக்கை அதில் வாசிக்க ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, எட்டுத் தட நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கருவியின் சுருதி சற்று நேரத்துக்குள் நழுவிவிடும். மறுபடி சேர்த்துவிட்டுத் தொடர வேண்டும். மாதக்கணக்கில் இப்படி உழைத்து உருவான தட்டுதான் 'ஸ்விச்டு ஆன் பாக்'. அதன் முதல் பாட்டு எது தெரியுமா? அந்த 29ஆம் காண்டாட்டாவின் சின்ஃபோனியா. தனி வயலினில் தொடங்கி ஆர்கனுக்கும் டிம்பனிக்கும் போன அதே 138 அளவுகள்.

அந்தத் தட்டு அமெரிக்காவின் பொதுவான விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. கிளாசிக்கல் பட்டியலில் 1969 முதல் 1972 தொடக்கம் வரை முதலிடத்தில் நின்றது. மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. பியானோ மேதை க்ளென் கூல்ட் வாயாரப் புகழ்ந்தார். பாக்கை இயந்திரமாக்கிவிட்டார்கள் என்று மனம் நொந்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தத் தட்டு இன்றும் பிடிக்கிறது. காரணம், அது ஆர்கனாக நடிக்கவில்லை. தேவாலயத்தின் எதிரொலியைப் போலி செய்யவில்லை. வறண்ட, துல்லியமான ஒலியில் ஒவ்வொரு வரியும் தனித்துத் தெரிகிறது. சின்ஃபோனியாவில் இழக்கப்படுவதற்கு மௌனம் ஏதும் இல்லை. அது தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டம். இதே முறையை டொக்காட்டாவின் தொடக்கத்துக்குக் கையாண்டிருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டுகளில் ஆர்கன் உலகத்துக்குள்ளேயே ஒரு பிளவு இருந்தது. ஒரு பக்கம் ஈ. பவர் பிக்ஸ். 1958இல் ஹார்வர்டின் அருங்காட்சியகக் கூடமொன்றில் டச்சுக் கைவினைஞர் ஃபிளென்ட்ராப் கட்டிய ஆர்கனை வைத்து, பாக் காலத்து ஒலி எது என்று அமெரிக்கர்களுக்குக் கேட்கக் கொடுத்தவர். மறுபக்கம் வர்ஜில் ஃபாக்ஸ். நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசித்துவிட்டு, 1970 டிசம்பரில் ராக் கச்சேரிகளின் கோட்டையான ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் மின்னணு ஆர்கனோடு மேடையேறினார். பின்னால் திரையில் வண்ண ஒளிகள் பாய்ந்தன. 'ஹெவி ஆர்கன்' என்று பெயரிட்டு ஊர் ஊராகப் போனார். தேவாலயப் படியேறாத இளைஞர்கள் முழு பாக் நிகழ்ச்சியைக் கைதட்டிக் கேட்டார்கள். சக கலைஞர்கள் பலர் கூசினார்கள். பிக்ஸை மட்டும் வறட்டுத் தூய்மைவாதி என்று எண்ணிவிடக் கூடாது. அவர் பெடல் ஹார்ப்சிகார்டில் ஸ்காட் ஜாப்ளினின் ராக்டைம் இசையைத் தட்டாகவே வெளியிட்டவர். காலம் கடந்த பின் பார்த்தால் இருவரும் ஒரே வேலையைத்தான் இரண்டு வாசல் வழியாகச் செய்தார்கள்.

வழிபாட்டில் கேட்பவரின் நிலை மட்டும் தனி. 1903இல் போப் பத்தாம் பயஸ், தேவாலயத்தில் பியானோவுக்கும் முரசு, சிம்பல் போன்ற ஓசை மிகுந்த வாத்தியங்களுக்கும் தடை விதித்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழல் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பைத் தந்து, பிற வாத்தியங்களையும் திருச்சபை அதிகாரிகளின் ஒப்புதலோடு அனுமதித்தது. செபம் செய்ய வந்தவர் கச்சேரி கேட்க வந்தவர் அல்ல. அவர் ஓசை குறையட்டும் என்று கேட்பது இசை ரசனை பற்றிய தீர்ப்பு ஆகாது. அதை அப்படியே மதிக்க வேண்டும்.

ஆர்கனின் பக்கத்தில் புதிய வாத்தியத்தை நிறுத்துவதை, குழல்களின் இயல்பு அறிந்தவர்கள் செய்தபோது பிளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. இசையமைப்பாளர் சோஃபியா குபைதுலினா 1978இல் ஆர்கனுக்கும் தாள வாத்தியங்களுக்குமாக 'டெட்டோ 1' எழுதினார். செக் நாட்டின் பெட்ர் ஏபென் 1984இல் அதே சேர்க்கைக்கு 'பாட்மோஸ் நிலக்காட்சிகள்' எழுதினார். இத்தகைய படைப்புகளில் தாள வாத்தியம் ஓயாமல் காலம் காட்டும் கடிகாரம் அல்ல. ஒரு கணீர் ஒலி விழுகிறது. அது கூடத்தில் கரையும்போது ஆர்கன் அதைத் தன் காற்றில் வாங்கிக்கொள்கிறது. அடி விழுந்ததும் தேயும் ஓசையும், தேயவே தெரியாத குழலோசையும் ஒன்றுக்கொன்று இல்லாததைக் கொடுத்துக்கொள்கின்றன.

2014இல் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்துக்காக இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் ஆர்கனைப் பதிவு செய்தார். வாசித்தவர் அங்கே பணியாற்றிய ரோஜர் சேயர். நம் ஊர்த் திரையரங்குகளில் இருக்கை அதிர அந்த ஒலியைக் கேட்டவர்கள் நிறையப் பேர். அந்த ஆர்கனின் கதையையும் சொல்ல வேண்டும். 1924இல் ஸ்காட்லாந்தில் கிளென் டானர் மாளிகையின் நடனக் கூடத்துக்காகக் கட்டப்பட்டது அது. போரில் குண்டுவீச்சுக்குத் தன் ஆர்கனைப் பறிகொடுத்த டெம்பிள் தேவாலயத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. நடனக் கூடத்தில் பிறந்து, வழிபாட்டில் வாழ்ந்து, விண்வெளிப் படத்தில் ஒலித்த வாத்தியம். 2022இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எலெக்ட்ரானிக் இசைக் கலைஞர் பொனோபோவோடு அன்னா லாப்வுட் ஆர்கன் வாசித்தபோது ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. 9,999 குழல்கள் கொண்ட அந்த ஆர்கனை அவர்களுக்கு யாரும் பதிவில் போட்டுக் காட்டவில்லை. அது அவர்கள் தலைக்கு மேலே மூச்சுவிட்டது.

இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியம். ஆர்கனோடு இன்னொன்றைச் சேர்ப்பது ஒன்று; ஆர்கனை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது வேறொன்று. சர்ச்சையில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். 32 அடிக் குழல் எழுப்பும் ஆழ்ந்த ஷட்ஜம் விநாடிக்கு சுமார் 16 அதிர்வுகள். வீட்டு ஒலிபெருக்கியில் அது வராது. காதைவிட நெஞ்சுக்கூட்டுக்கே முதலில் எட்டும். குழலை இருக்கவிட்டு அதன் பக்கத்தில் என்ன நிறுத்தினாலும் எனக்குச் சம்மதம்.

அந்த 138 அளவுகளின் கதை ஐரோப்பாவோடு முடியவில்லை. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' தட்டை வெளியிட்டு, அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மன் வயலின் வாசித்த அந்தத் தட்டில், பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்புக் கொண்ட பகுதியில் ஒலிப்பது மூன்றாவது பார்ட்டீட்டாவின் அதே முகப்புதான். மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், காந்தாரம் வழியாகக் கீழே இறங்கும் அந்த முதல் வீச்சு நம் காதுக்குச் சங்கராபரணத்தின் சாயலோடு வருகிறது. அந்தத் தட்டைப் பற்றியும் இங்கே இரு தரப்பாகப் பேசியவர்கள் உண்டு.

லைப்சிக்கில் பாக் சேர்த்த டிம்பனி எனக்கு ஏன் உறுத்தவில்லை என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். தாளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இசையை அவர் தேர்ந்தெடுத்தார். ஆர்கனின் வரியில் ஒரு சுரத்தைக்கூட வேறொருவருக்காக விட்டுக்கொடுக்கவில்லை. சுருதிக் கணக்கை முன்பே தீர்த்துவைத்தார். டிரம்பெட்டும் டிம்பனியும் தேர்ந்த இடங்களில் வந்து முழங்கி ஒதுங்கிக்கொள்கின்றன. நடுவே ஆர்கன் தனியாக ஓடுவதைக் கேட்க முடிகிறது.

வாசகர் தாமே முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு மாலையில் இந்த வரிசையில் கேளுங்கள்: முதலில் தனி வயலின் பார்ட்டீட்டா, அடுத்து 29ஆம் காண்டாட்டாவின் சின்ஃபோனியா, பிறகு வெண்டி கார்லோஸின் மூக், கடைசியில் இளையராஜா. வயலினில் அந்த முகப்பு முடிய நான்கு நிமிடம்கூட ஆகாது.